தவறியது

இர்ஃபானின் ஓட்டோவில், பின் சீட்டில்,
பிஸ்கட் பெட்டிக்குள் வந்தது தாரா.
அத்திடிய வாய்க்காலோரம் கிடந்ததாம்.
"காயம் ஒண்ணும் இல்ல மிஸ், கழுத்துத்தான் நிக்கிதில்ல."
மீட்டர் காசு வாங்கவில்லை.
பெட்டியை மட்டும் திருப்பிக் கேட்டான்.

செட்டை இரண்டும் கழற்றிப் போட்ட சட்டைபோல் தொங்கின.
எச்சம் பாசிப் பச்சை.
டொக்டர் நிலூக்கா நெஞ்செலும்பை விரலால் தடவி
"கத்தி மாதிரி" என்றார், சிங்களத்தில்.
படம் எடுத்தோம்.
எலும்பில் முறிவில்லை, சதையில் துளையில்லை.
அரைவைப் பையில் மட்டும்
ஐந்து வெள்ளைப் புள்ளிகள், மணலோடு மணலாய்.

பல்லில்லாத பறவை
கல் பொறுக்கித்தான் நெல்லரைக்கும்.
சேற்றில் பொறுக்கியதில் ஐந்து
கல்லாக இருக்கவில்லை.

மூன்று மணிக்குச் செத்தது.
படிவத்தில் இறந்த நேரம் எழுத ஒரு கட்டமுண்டு.
சுடப்பட்ட நேரத்துக்குக் கட்டமில்லை.

இரவு வெள்ளவத்தையில், நாலாம் மாடியில்,
ரயில் போய் ஜன்னல்கள் அடங்கியபின்
அத்தான் அழைத்தார், சஸ்கட்டூனிலிருந்து.
அங்கே காலை. கராஜுக்குள் கம்பளித் தொப்பியோடு.
வாத்துக் காலம் திறக்க இன்னும் ஒன்பது நாள்.
கைபேசியைப் பெயின்ட் டின்னில் சாய்த்துவிட்டு
வெற்றுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாய்
கைப்பிடிக்குக் கீழே வைத்து அழுத்துகிறார்.
மருந்து, அதன்மேல் பிளாஸ்டிக் கிண்ணம்,
கிண்ணத்துக்குள் சரசரவென்று சன்னம்.
ஆறு இதழாய் வாய் மடிகிறது.
கணக்காய்வாளராக இருந்த மனுசன்;
தராசு நிற்குமட்டும் மூச்சு விடமாட்டார்.

"ஈயம் இல்லை, உருக்கு. இஞ்ச அதுதான் சட்டம்."
உருக்குக்குப் பாரம் காணாதாம்.
தூரம் போனால் வேகம் செத்துவிடுமாம்.
"ஈயக் காலத்து ஆசையோட சுடக்கூடாது.
பறவை கிட்ட வருமட்டும் இருக்கோணும்.
காலின்ர நிறம் தெரியோணும்."

தவறினால்? என்று கேட்டேன்.
"தவறினால் தவறினதுதான்," சிரித்தார்.

படத்தை அனுப்பினேன்.
கைப்பிடி பாதியில் நின்றது.
பெரிதாக்கிப் பார்த்தார்.
"இப்ப ஆறாம் நம்பர் அளவு.
நாலாய் இருந்து தேய்ஞ்சிருக்கும்.
எந்த வருசத்துச் சன்னமோ."

யார் சுட்டிருப்பார்?
அத்திடிய வெறும் சேறாயிருந்த ஒரு விடியலில்
காக்கிக் காற்சட்டை போட்ட ஒரு புரொக்டர்,
அல்லது பல் டொக்டர்.
இரட்டைக் குழலும் வெடித்து
ஓர் இறகும் விழாமல்
வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றி
"இண்டைக்கு ஒண்டும் படேல்ல" என்றிருப்பார்.
முட்டைப்பொரியலோடு பாண் தின்றிருப்பார்.
செத்தும் இருப்பார், கனத்தையில்,
பெயர் தேய்ந்த கல்லொன்றின் கீழ்.

பட்டது, ஐயா.
இன்று மூன்று மணிக்குப் பட்டது.

உருக்கில் ஒரு தொல்லை, அத்தான் சொல்லிக்கொண்டே போகிறார்,
ஈரம் பட்டால் துருப் பிடிக்கும்.
டப்பாவை இறுக்கி மூடிவிடவேணும்.
பத்து வருசமாய் இந்தக் கடற்காற்றை
நான் திட்டாத நாளில்லை:
பல்கனிக் கம்பி, பிரிஜ்ஜின் கால், தையல் மெசினின் பாதம்,
என் வீட்டை அது மென்றுகொண்டே இருக்கிறது.
சேற்றில் விழுந்த உருக்கையும்
சேறு அப்படித்தான் மென்று முடிக்கும்.
ஈயத்தை மட்டும்
அப்படியே வைத்துக்கொண்டு பசித்தவருக்குப் பரிமாறும்.

"இன்னும் இருபத்திரண்டு இருக்கு" என்று
அத்தான் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார்.
கம்பியில் கை ஊன்றிக் கடலைப் பார்த்தேன்,
இருட்டில் அது தெரியவில்லை.

கைபேசி அதிர்ந்தது. இர்ஃபான்.
மிஸ், தாரா ஏதாச்சும் சாப்பிட்டிச்சா?

கட்டைவிரலில் துருத்தூள்.
எழுதுகிறேன்,
அழிக்கிறேன்,
திரையெல்லாம் மண்ணிறம்.